பாலிசி எழுதினால் மட்டும் போதாது

2017 மே 12 அன்று உலகெங்கும் பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், அடுத்து வந்த திங்கட்கிழமைக்குள் மேற்கு வங்காளத்தையும் எட்டியது. கொல்கத்தா சால்ட் லேக்கைத் தலைமையிடமாகக் கொண்ட மாநில மின் பகிர்மான நிறுவனத்தின் மேற்கு மேதினிப்பூர் அலுவலகங்கள் சிலவற்றில் கணினிகள் முடங்கின. வான்னாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அது போய்ச் சேராத கணினிகளே உலகெங்கும் இரையாயின.

குரூப் பாலிசிக்கும் இது பொருந்தும். வான்னாக்ரை நுழைந்த எஸ்எம்பி முதல் பதிப்பை நிறுத்தச் சொல்லித் தலைமையகத்தில் ஒரு பாலிசியை எழுதி இணைத்ததும் வேலை முடிந்ததாகக் குறித்துவிடுகிறோம். கிளை அலுவலகக் கணினி அதை ஏற்றதா என்பதை அந்தக் கணினியிடமே கேட்க வேண்டும். அதற்குத்தான் ஜிபிரிசல்ட் இருக்கிறது.

கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, '/ஆர்' சேர்த்து ஓட்டுங்கள். சாதாரணப் பயனராக ஓட்டினால் பயனர் பகுதி மட்டுமே வரும்; கணினிப் பகுதி வராது. முதலில், பாலிசி கடைசியாக எப்போது, எந்த டொமைன் கன்ட்ரோலரிலிருந்து வந்தது என்று பாருங்கள். இயல்பாக 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் 30 நிமிடம் கூடுதலாக, புதுப்பிப்பு நடக்கும். தேதி போன வாரத்தைக் காட்டினால் பாலிசியைத் தொடாதீர்கள்; நெட்வொர்க்கையும் டிஎன்எஸ்ஸையும் கவனியுங்கள்.

அடுத்து, ஏற்கப்பட்டவற்றோடு வடிகட்டப்பட்டவற்றின் பட்டியலையும் படியுங்கள். ஒரு பாலிசி ஏற்கப்படாததன் காரணம் அங்கேயே இருக்கும். பயனர் பாலிசி வரவேயில்லை என்றால், 2016 ஜூனில் வந்த மாற்றத்தை நினைவில் கொள்ளுங்கள். அதன்பின் பயனர் பாலிசியையும் கணினியின் அடையாளத்தில்தான் விண்டோஸ் படிக்கிறது. ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸை நீக்கியிருந்தால், டொமைன் கம்ப்யூட்டர்ஸுக்குப் படிக்கும் அனுமதி கொடுத்தாக வேண்டும். ஒரே அமைப்பை இரண்டு பாலிசிகள் தொட்டால், '/ஹெச்' தரும் ஹெச்டிஎம்எல் அறிக்கையில் எது வென்றது என்பது தெரியும்.

இந்த அறிக்கை கடைசிப் புதுப்பிப்பின் பதிவு மட்டுமே. அதற்குப் பிறகு யாராவது ரெஜிஸ்ட்ரியை மாற்றியிருந்தால் இதில் தெரியாது. திருத்தம் நிறுவப்பட்டதா என்பதையும் இது சொல்லாது. அவற்றைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

இனி ஒவ்வொரு பாலிசி மாற்றத்துக்கும், கிளைக்கு ஒரு கணினியிலிருந்தாவது எடுத்த ஜிபிரிசல்ட் அறிக்கையைக் கோப்பில் சேர்த்த பிறகே டிக்கெட்டை மூடுங்கள். தணிக்கையாளர் கேட்பதற்கு முன்பே இதை நம் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்பதே இவ்விதழின் வேண்டுகோள்.