தம்பலகாமத்து வாய்க்கால் கற்பிக்கும் பாடம்

திருகோணமலை என்றவுடன் உலகோர் நினைவில் எழுவது அதன் துறைமுகமே. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய யாவரும் அதனையே விரும்பி வந்தனர். வரலாறு எழுதினோரும் அதனையே பெரிதும் எழுதினர். துறைமுகத்துக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 24 கிலோமீற்றரில், குடாவை அடுத்த தாழ்நிலத்தில், நெல் விளைவித்து வாழும் தம்பலகாமத்தைப் பற்றி நம் மாணாக்கர் அறிந்தது மிகச் சிலவே.

அறிந்த சிலவும் கோயிலோடு நின்றுவிடுகின்றன. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்தனர். பின்னர்த் தம்பலகாமமே இறைவனுக்குப் புகலிடமாயிற்று என்பது மரபு; ஆதிகோணநாயகர் ஆலயம் இன்றும் அங்கே விளங்குகின்றது. ஆயினும், நித்திய பூசைக்கு நெல் வேண்டும். நெல்லுக்கு நீர் வேண்டும். அந்நீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருவது. ஆகவே, அவ்வூரின் வரலாற்றை அறிய விரும்புவோர் கோயில் வாயிலினின்று வாய்க்கால் வழியே குளக்கட்டுவரை நடத்தல் வேண்டும்.

குளத்தைக் கட்டியவர் யார் என்னும் வினா எழுந்தவுடன் நம்மவர் குரல் உயர்கின்றது. கோணேசர் கல்வெட்டு குளக்கோட்டனைப் போற்றும். சூளவம்சம் இரண்டாம் அக்கபோதி மன்னனைக் கூறும். இவ்விரண்டையும் மாணாக்கர் முன் வைத்தலே ஆசிரியர் கடன். ஒன்றை மறைத்து மற்றொன்றை நிலத்துக்கு உறுதிப்பத்திரமாகக் காட்டுதல் கல்வியாகாது. எந்த மன்னன் கட்டினும், மண் சுமந்தோரும் வரம்பு கட்டினோரும் உழவரே. அவர்தம் பெயரை எந்நூலும் குறிக்கவில்லை.

1986 ஏப்பிரல் 20ஆம் நாள் அக்குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாய்ந்து வந்த வெள்ளம் எவரது மொழியையும் சமயத்தையும் வினவவில்லை. இன்றும் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்து உழவரும் அந்நீரையே நம்பி விதைக்கின்றனர். மேல்வயலார் மிகுதியாக மறித்தால் கடைசி வயல் காயும். இதனினும் சிறந்த குடிமைப் பாடம் எந்தப் புத்தகத்தில் உண்டு?

பரீட்சைக்கு உதவாத இதற்கு நேரம் ஏது என்பர் சிலர். நைல் நதிப் பாசனத்தைப் பக்கம் பக்கமாக எழுதும் மாணாக்கனுக்குத் தான் உண்ணும் சோற்றின் நீர் எவ்வழி வந்தது என்று தெரியாதிருத்தல் தகுமோ? பெரும்போகம் தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை போதும். மாணாக்கரை வாய்க்கால் ஓரமாக அழைத்துச் செல்லுங்கள். வயல்வெளிகளின் பெயர்களையும், மதகு திறக்கும் முறையையும், நீர்ப்பங்கீட்டு வழக்குகளையும் முதியோர் வாய்மொழியாகக் கேட்டு எழுதச் செய்யுங்கள். போர்க்காலத்தில் ஊரைவிட்டு அகன்ற குடும்பங்களோடு இப்பெயர்களிற் பலவும் அகன்றன. எஞ்சியவற்றை அறிந்த முதியோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். விழா நினைவாகக் கட்டடம் எழுப்புதல் நன்றே. அதனோடு, மாணாக்கர் திரட்டும் இக்குறிப்புகளை நூலாக்கிக் கல்லூரி நூலகத்தில் வைக்கவும் உதவுவீர்களாயின், அதுவும் இவ்விழாவுக்கு ஏற்ற நினைவாகும். அந்நூலில் குளக்கோட்டனுக்கும் அக்கபோதிக்கும் இடம் இருக்கட்டும். வாய்க்கால் வெட்டிய உழவனுக்கும் இடம் இருக்கட்டும்.