வீட்டிலேயே தோட்டா 'ரீலோடிங்': லைசென்ஸ் வேண்டாம், சரி... கவனம்?

துப்பாக்கி சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளைக் கூடு, பலருக்குக் குப்பை. அமெரிக்காவில் பலர் அதைப் பொறுக்கிச் சேர்த்து, வீட்டு கராஜிலேயே மறுபடியும் தோட்டாவாக்குகிறார்கள். இதுதான் 'ரீலோடிங்'.

ஏன் இந்த மெனக்கெடல்?

ஒரு தோட்டாவில் நாலே பாகம்தான்: பித்தளைக் கூடு, பிரைமர், பவுடர், புல்லட். கூட்டை மட்டும் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதால் அடிக்கடி சுடுபவர்களுக்குச் செலவு மிச்சம். 2020-ல் கடைகளில் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது இதில் ஆர்வம் இன்னும் கூடியது. சொந்த உபயோகத்துக்குச் செய்ய அங்கே மத்திய அரசின் லைசென்ஸ் தேவையில்லை, விற்கத்தான் தேவை.

எங்கே ஆபத்து?

பவுடரை அளப்பது 'கிரெயின்' கணக்கில். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். அவ்வளவு நுணுக்கம்! .38 ஸ்பெஷல் போன்ற பழைய ரகத்தின் கூடு பெரிது. இன்றைய பவுடரோ கொஞ்சம்தான் தேவை. அதனால் தெரியாமல் இரண்டு முறை கொட்டினாலும் வழியாது. சுடும்போது துப்பாக்கியே வெடித்துச் சிதறலாம்.

பவுடரே விழாவிட்டால்? பிரைமரின் வேகத்தில் புல்லட் பாதி வழியில் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். 'டப்' என்று சத்தம் குறைவாக வந்ததைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். சத்தம் வித்தியாசமாக இருந்தாலே நிறுத்திவிட வேண்டும்.

இதனால்தான் அனுபவசாலிகள் மேஜையில் ஒரே ஒரு பவுடர் டப்பாவைத்தான் வைப்பார்கள். புல்லட்டைப் பொருத்தும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பார்கள். அளவுக்கு அச்சிட்ட கையேடுதான். யாரோ சொன்ன கணக்கு கிடையாது. டிவி, போன் எல்லாம் ஆஃப்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

வெடிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஈயத்தை மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கூட்டைச் சுத்தம் செய்யும்போது அது தூசியாகக் கிளம்பி கை, சட்டை, தரை வழியாக வீட்டுக் குழந்தையிடம் போய்ச் சேரும். குழந்தையின் ரத்தத்தில் 'பாதுகாப்பான ஈய அளவு' என்று எதுவுமே கண்டறியப்படவில்லை என்கிறது அமெரிக்காவின் சி.டி.சி. மாஸ்க், கைகழுவல், தனி உடுப்பு, அந்த மேஜையில் சாப்பாடு கூடாது என்பதெல்லாம் இதனால்தான் கட்டாயம்.

யார் பொறுப்பு?

இந்தியாவில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அமெரிக்காவில் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் கராஜுக்குள் வந்து யாரும் பரிசோதிப்பதில்லை. தப்பு நடந்தால் அடிபடுவது செய்தவர் மட்டுமல்ல. பக்கத்தில் நின்று சுடுபவர், வீட்டில் தவழும் குழந்தை எல்லாரும்தான். சுதந்திரம் இருக்கிற இடத்தில் சுய கட்டுப்பாடு சாய்ஸ் இல்லை, கடமை. தூக்கக் கலக்கமா, அவசரமா? அன்றைக்கு மேஜைப் பக்கமே போகக் கூடாது.