டிரைவர் தூங்கட்டும்!

பசி ருசி அறியாது; நித்திரை சுகம் அறியாது. களைத்தவனுக்குப் பாயும் வேண்டாம், தலையணையும் வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே உறங்கிவிடுவான்.

பழமொழி பிறந்த காலத்தில் வண்டிக்காரன் மாட்டு வண்டியில் உறங்கினான். மாடு வழி அறிந்து வீடு வந்து சேர்ந்தது. இன்று உறங்குகிறவன் கையில் இருப்பது லாரி. லாரிக்கு வழி தெரியாது!

கன்னியாகுமரி மாவட்டத்து மக்கள் இதை மற்றவர்களைவிட அதிகமாகச் சிந்திக்க வேண்டும். காரணம் இருக்கிறது.

ஸ்ரீநகரில் புறப்படும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை கன்னியாகுமரியில் முடிகிறது. மும்பைக்குப் பக்கத்தில் பன்வேலில் தொடங்கும் 66-ம் எண் சாலையும் இங்கேதான் வந்து முடிகிறது. சாலை முடிகிற இடத்தில்தான் டிரைவரின் களைப்பும் முற்றுகிறது.

விடியற்காலைக் கண்டம்

சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஏறக்குறைய 700 கிலோ மீட்டர். மாலையில் சென்னையை விட்டுப் புறப்படும் வண்டி, இரவெல்லாம் ஓடுகிறது. விடியற்காலையில் வள்ளியூர், பணகுடியைத் தாண்டுகிறது. முப்பந்தல் காற்றாலைகளைக் கடந்து, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைகிறது.

அந்த நேரம் எப்படிப்பட்ட நேரம்?

மனித உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. இரவு 2 மணியிலிருந்து விடியற்காலை 5, 6 மணி வரை அது "தூங்கு, தூங்கு" என்கிறது. உடம்பின் சூடு குறைகிறது. கண் சொருகுகிறது. பகலில் சாப்பாட்டுக்குப் பிறகு 2 மணி முதல் 4 மணி வரையிலும் ஒரு சின்ன மயக்கம் வருகிறது. எவ்வளவு கைதேர்ந்த டிரைவரானாலும் இந்தக் கடிகாரத்தை நிறுத்த முடியாது.

அதுவரை வந்தது அகன்ற நான்குவழிச் சாலை. இனிமேல் அப்படி அல்ல. நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரை, தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கிறது. வீட்டு வாசலே ரோடு!

அந்த நேரத்தில் ஊரும் விழித்துவிடுகிறது. தோவாளையில் பூ வியாபாரம் சூடு பிடித்திருக்கும். ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்கள் இருட்டிலேயே புறப்பட்டிருப்பார்கள். மீன் வண்டிகள் கடற்கரையிலிருந்து வரும். பத்திரிகை போடும் பையன்கள் சைக்கிளில் போவார்கள். கோவிலுக்குப் போகிறவர்கள் நடந்து வருவார்கள்.

ஆக, பயணத்தின் மிகக் கஷ்டமான பகுதி, டிரைவருக்கு மிகக் கெட்ட நேரத்தில் வருகிறது. தெருவில் நிற்கிறவர்களோ ஒரு பாவமும் அறியாதவர்கள்.

நாலே நாலு விநாடி

"தூங்கவில்லை, கண் லேசாக அசந்தது" என்று சொல்லுவார்கள். அந்த அசதிதான் ஆளைக் கொல்லுகிறது.

மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடுகிறது. நாலு விநாடி கண் மூடினால், ஏறக்குறைய 90 மீட்டர். அந்த 90 மீட்டரும் ஆளில்லாத வண்டிதான் ஓடுகிறது!

குடித்தவன் கூட, கடைசி நிமிஷத்தில் பிரேக்கை மிதிக்கக்கூடும். தூங்குகிறவன் மிதிக்கமாட்டான். அதனால்தான் தூக்கத்தில் நடக்கும் விபத்துகள் பயங்கரமாக இருக்கின்றன. போன வேகம் குறையாமலே போய் மோதுகிறது வண்டி.

2020-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி விடியற்காலை, திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே நடந்ததை மறக்க முடியாது. பெங்களூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு வந்துகொண்டிருந்தது கேரள அரசு பஸ். எதிரே வந்த கண்டெய்னர் லாரி, நடுத்தடுப்பைத் தாண்டி அந்த பஸ் மீது பாய்ந்தது. 19 உயிர்கள் போயின. முதலில் டயர் வெடித்ததாகச் சொன்னார்கள். பிறகு நடந்த விசாரணையில், லாரி டிரைவர் கண்ணயர்ந்ததே காரணம் என்று கூறப்பட்டது. பஸ் டிரைவர் விழித்துத்தான் இருந்தார். பயன் என்ன?

குடியும் தூக்கமும்

குடித்துவிட்டு ஓட்டுவது குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் சாராயச் சத்து இருந்தால், சட்டம் தண்டிக்கிறது. ஊதச் சொல்லிப் போலீசார் கருவியை நீட்டுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். அது 1997-ல் வெளியாயிற்று. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனின் கையும் மூளையும், ரத்தத்தில் 50 மில்லி கிராம் சாராயச் சத்து ஏறியவனைப் போலத் தடுமாறுகின்றன. ஒரு நாள் முழுதும், 24 மணி நேரம், தூங்காதவன் 100 மில்லி கிராம் ஏறியவனுக்குச் சமம்! இதுதான் அதில் கண்ட முடிவு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வாடகைக் கார் டிரைவர் காலை 5 மணிக்கு எழுந்திருக்கிறார். பகலெல்லாம் உள்ளூர் சவாரி. இரவு 10 மணிக்கு ஒரு குடும்பம் கூப்பிடுகிறது. வளைகுடா நாட்டிலிருந்து மகன் வருகிறான். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போக வேண்டும். அந்த டிரைவர் விழித்து 17 மணி நேரம் ஆகிவிட்டது. ஒரு சொட்டுக் கூடக் குடிக்காத நல்ல மனிதர். ஆனாலும், சட்டம் தண்டிக்கும் அளவைத் தாண்டிய குடிகாரரின் நிலையில்தான் அவர் சாவியைத் திருகுகிறார்!

இதைக் கண்டுபிடிக்க ஊதும் கருவி இல்லை. கணக்கிலும் இடம் இல்லை. 2022-ம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அரசாங்க அறிக்கையில், அதிவேகம், குடி, எதிர்ப்புறம் ஓட்டுதல், சிவப்பு விளக்கை மீறுதல், செல்போன் என்று விதிமீறல்களுக்குத் தனித்தனிப் பத்தி உண்டு. தூக்கத்துக்குப் பத்தி இல்லை! பத்தி இல்லாத நோய்க்கு மருந்து எங்கிருந்து வரும்?

சட்டம் தூங்குகிறது

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 1961-ம் ஆண்டிலேயே மோட்டார் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை. வாரத்துக்கு 48 மணி. 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குவதற்குள், சேர்ந்தாற்போல் 9 மணி நேர ஓய்வு. இப்படி அந்தச் சட்டம் தெளிவாகச் சொல்லிற்று. பிறகு, அதையும் சேர்த்து 13 சட்டங்களை 2020-ல் ஒரே தொகுப்பாக ஆக்கினார்கள். 2025 நவம்பர் 21 முதல் அது அமலுக்கு வந்தது. 8 மணி நேரம் என்ற அளவு அதிலும் இருக்கிறது.

ஆனால், 700 கிலோ மீட்டர் ஓடும் லாரியில் எத்தனை டிரைவர்கள்? தேசிய பெர்மிட் லாரிகளில் இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும் என்ற விதி முன்பு இருந்தது. 2018-ல் அதை எடுத்துவிட்டார்கள். 8 மணி நேரச் சட்டம் ஒரு பக்கம். 12 மணி நேர ரோடு மறுபக்கம். நடுவே ஒற்றை டிரைவர்!

கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அந்த வழக்கில் 2025-ம் ஆண்டு, டிரைவர்களின் வேலை நேரச் சட்டத்தை நடைமுறைப்படுத்த வழி காணும்படி கோர்ட்டு அரசாங்கத்துக்கு உத்தரவிட்டது. கோர்ட்டு சொல்லித்தானா இது நடக்க வேண்டும்?

ஐரோப்பிய நாடுகளில் லாரி டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் நிறுத்தியாக வேண்டும். வண்டியில் பொருத்திய கருவி, ஓடிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் பதிவு செய்கிறது. முதலாளி ஏமாற்ற முடியாது. டிரைவரும் ஏமாற்ற முடியாது.

யார் குற்றவாளி?

விபத்து நடந்ததும் டிரைவரைப் பிடிக்கிறார்கள். சரிதான். ஆனால் அவர் ஏன் தூங்காமல் ஓட்டினார்?

நடைக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. நடை குறைந்தால் அடுப்பு எரியாது. சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் முதலாளி முகம் சுளிப்பார். முதலாளியைக் கேட்டால், டீசல் விலை, சுங்கக் கட்டணம், வண்டிக் கடன் என்று அவரும் கணக்குச் சொல்லுவார். அவர் சொல்லுவதிலும் உண்மை உண்டு. ஆனால் அந்தக் கணக்கை டிரைவரின் தூக்கத்தில் நேர் செய்வது நியாயம் அல்ல.

பொதுமக்களும் தப்ப முடியாது. வேளாங்கண்ணிக்கு வேன் பிடிக்கிறார்கள். சபரிமலைக்கும், குருவாயூருக்கும், திருச்செந்தூருக்கும் பிடிக்கிறார்கள். இரவு போய், பகலில் தரிசனம் செய்து, அன்று இரவே திரும்ப வேண்டும் என்கிறார்கள். வேனில் இருப்பவர்கள் எல்லோரும் சாய்ந்து தூங்குவார்கள். ஒருவர் மட்டும் இரண்டு இரவு விழித்திருக்க வேண்டும். ஒரு நாள் வாடகை மிச்சம்! குழந்தை குட்டிகளின் உயிரைவிட அந்த மிச்சம் பெரிதா?

செய்ய வேண்டியது என்ன?

நெடுஞ்சாலைகளில் நள்ளிரவில் போலீசார் வண்டிகளை நிறுத்துகிறார்கள். டிரைவரை முகம் கழுவச் செய்து, டீ கொடுத்து அனுப்புகிறார்கள். நல்ல காரியம். ஆனால் தண்ணீர் சில நிமிஷம்தான் காக்கும். பாட்டு வைப்பதும், ஜன்னலைத் திறப்பதும் அப்படியே. காபி வேலை செய்ய அரை மணி ஆகும். தூக்கத்துக்கு ஒரே மருந்து, தூக்கம்தான்! ஓரமாக நிறுத்தி 15, 20 நிமிஷம் கண் மூடினால், கொஞ்ச தூரத்துக்குத் தெம்பு வரும். முழுத் தூக்கத்துக்கு அதுவும் ஈடாகாது.

ஆகவே, ஆரல்வாய்மொழிக்கு முன்னாலேயே லாரிகள் நிற்க விளக்கும், தண்ணீரும், கட்டிலும், காவலும் உள்ள இடம் வேண்டும். சரக்குத் திருட்டுக்குப் பயந்து தூங்காத டிரைவர்கள் அநேகர். 8 மணி நேரத்துக்கு மேல் ஓடும் எந்த வண்டியிலும் இரண்டாவது டிரைவர் கட்டாயம் வேண்டும். வண்டி எங்கே போகிறது என்று காட்டும் கருவி இன்று பஸ்களிலும் லாரிகளிலும் இருக்கிறது. அதைக் கொண்டே எத்தனை மணி நேரம் ஓடிற்று என்று அதிகாரிகள் கணக்கு எடுக்கலாம். விபத்து வழக்குகளில், டிரைவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று கேட்டு எழுத வேண்டும். வேலை வாங்கிய முதலாளியையும் கூண்டில் ஏற்ற வேண்டும்.

தூங்கும்போது பலமாகக் குறட்டை விட்டு, மூச்சுத் திணறி விழிக்கிறவர்கள் பகலிலும் அசந்துபோவார்கள். அது ஒரு நோய். குணப்படுத்தக் கூடியது. லைசென்சைப் புதுப்பிக்கும்போது கண்ணைப் பார்ப்பது போல, இதையும் டாக்டர்கள் பார்ப்பது நல்லது.

இரவு வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் நர்சுகளும், காவலாளிகளும், தொழிலாளர்களும் இதே ஆபத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பஸ் வசதி வேண்டும்.

வேன் பிடிக்கும் குடும்பத் தலைவர், வாடகை பேசுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கட்டும்: "தம்பி, நேற்று ராத்திரி தூங்கினாயா?"

"இல்லை" என்று பதில் வந்தால், பயணத்தை ஒரு நாள் தள்ளிப் போடட்டும். சாமி கோபிக்கமாட்டார்!