பழைய ஆறு மட்டும் போதாது

பாலாறு முற்காலத்தில் கொசஸ்தலையாற்றுத் தடத்தில் ஓடிக் கடலில் கலந்தது என்பார்கள் நிலவியலார். அதைப் பிடித்துக்கொண்டு, ‘வறண்ட நிலம், புதைந்த ஆறு, சுக்கான் கல் மூன்றும் இருந்தால் மண்வெட்டி ஆழத்திலேயே யுரேனியம் கிடைக்கும், ஆஸ்திரேலியாவில் அப்படித்தான் எடுக்கிறார்கள்’ என்று அடித்துப் பேசுகிறவர்கள் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்துக் கடம்பத்தூரில் நின்றே இதற்குப் பதில் சொல்லிவிடலாம்.

முதலில், ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட சுக்கான் படிவிலிருந்து வணிக அளவில் எடுக்கவே இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் யீலிரீ படிவு 1972இல் கண்டுபிடிக்கப்பட்டது. மேலே சில மீட்டர் மண்தான். அரை நூற்றாண்டாகியும் சுரங்கம் திறக்கவில்லை. அந்தச் சுக்கான் பாறையின் நிலத்தடி நீரில் வாழும் சிற்றுயிர்கள் அற்றுப்போகும் என்று 2016இல் மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையமே திட்டத்தை எதிர்த்தது. அரசு அதையும் மீறி அனுமதி கொடுக்க, பூர்வகுடியினர் நீதிமன்றம் போனார்கள். நமீபியாவின் லாங்கர் ஹைன்ரிக்கில் எடுத்தார்கள், உண்மைதான். ஆனால் விலை சரிந்ததும் 2018இல் மூடி, 2024இல்தான் மறுபடி திறந்தார்கள். ஆழம் குறைவு என்றால் செலவும் குறைவு என்பது பாதிக் கணக்கு.

ஆறு வெறும் பாதைதான். படிய வைப்பது வறட்சி. கிரானைட் பாறையிலிருந்து கரைந்த யுரேனியம், நிலத்தடி நீரில் கார்பனேட்டோடு சேர்ந்து நகர்கிறது. வெயில் நீரை உறிஞ்ச உறிஞ்ச, வனேடியமும் பொட்டாசியமும் செறியும் இடத்தில் கார்னோடைட் என்ற மஞ்சள் கனிமமாக உறைகிறது. இது ஆண்டுக்குச் சுமார் 240 மி.மீ. மழை பெறும் யீலிரீக்குப் பொருந்தும். திருவள்ளூரிலோ மழை 1,000 மி.மீ.க்கு மேல். கத்திரி வெயிலைப் பார்த்து இதைப் பாலைவனம் என்றால், ஐப்பசியில் வந்து பார்க்கச் சொல்ல வேண்டும்!

ராஜஸ்தானைக் காட்டுவார்கள். தார் பாலைவனத்துச் சுக்கான் படிவுகளில் அணுக் கனிமங்கள் இயக்ககம் தேடியது உண்மை. ஆனால் பெரிதாகப் பேசப்படும் ரோகில் படிவு, சீகர் மாவட்டத்தில் கெட்டிப் பாறைக்குள் இருப்பது. பழைய ஆற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கடைசியாக, ‘கதிரளக்கும் கருவி கத்தினால் யுரேனியம்’ என்ற நம்பிக்கை. கருவிக்கு எட்டும் காமாக் கதிர் பெரும்பாலும் யுரேனியத்தின் வழித்தோன்றலான பிஸ்மத்-214 விடுவது. வயதில் இளைய படிவுகளில் இரண்டும் சமநிலைக்கு வந்திருப்பதில்லை; அளவு கூடியும் காட்டும், குறைத்தும் காட்டும். அரை மீட்டர் மண் மூடினாலே கதிர் பெரும்பாலும் அடங்கிவிடும். அதனால் துளையிட்டெடுத்த மாதிரியை ஆய்வகத்தில் சோதிக்காமல் இருப்பைச் சொல்ல முடியாது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கருவி கத்தும். அங்கே கதிரில் பெரும்பங்கு மோனசைட்டிலுள்ள தோரியத்தினுடையது.