ஓடுதளம் சும்மா கிடக்கலாமா?

இரண்டாம் உலகப்போர் சமயத்தில் தமிழ்நாட்டில் பல இடங்களில் ராணுவ விமான ஓடுதளங்கள் போட்டார்கள். போர் முடிந்து விமானங்கள் போய்விட்டன, தளம் மட்டும் மிஞ்சியது. அதை வைத்து என்ன செய்வது?

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இதற்கு ஒரு பதில் கிடைத்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அங்கிருந்த பழைய ஓடுதளத்தில் கார், பைக் பந்தயங்கள் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப்பாதை திறந்தார்கள். அங்கே ஓட்டத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன்தான் 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர்! இங்கிலாந்திலும் இதே கதைதான். 1943-ல் குண்டுவீச்சு விமானங்களுக்காகத் திறந்த சில்வர்ஸ்டோனில்தான் 1950-ல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயம் நடந்தது.

நம்ம ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தெற்கே கயத்தாறிலும் போர்க்கால ஓடுதளம் இருக்கிறது. விமானம் வரும் என்ற பேச்சும் இருக்கிறது. வரட்டும், சந்தோஷம். அதுவரை?

இங்கே ராஜபாளையம் ரோட்டில் பசங்க பைக் ரேஸ் விடுகிறார்கள். எதிரே பஸ், லாரி, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிறவர்கள். அபராதம் போட்டால் இரண்டு நாள் அடங்கும், அவ்வளவுதான். வேகத்தின் மேல் உள்ள ஆசையைத் திட்டி நிறுத்த முடியாது. ஓடுதளத்தை மராமத்து பார்த்து, மாதம் ஒரு ஞாயிறு ஹெல்மெட், ஆம்புலன்ஸ், பயிற்சியாளரோடு திறந்துவிடலாமே!

'யார் பொறுப்பு ஏற்பது?' என்று கேட்பீர்கள். சோழவரத்தில் ஒரு கிளப் ஏற்றதே. இங்கேயும் யாராவது முன்வந்தால் ஒன்றிரண்டு உயிராவது மிஞ்சும். நீங்க என்ன சொல்றீங்க?