பசுவைப் பழிக்க வேண்டாம், பாலைக் காய்ச்சுவோம்

நம் கையில் பி.சி.ஜி. ஊசித் தழும்பு இருக்கிறது. காசநோய் வராமலிருக்கப் போட்டது. அந்த மருந்தே மாட்டுக் காசநோய்க் கிருமியிலிருந்து வந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிரான்சு நாட்டில் கால்மெட் என்ற டாக்டரும் கெரான் என்ற மாட்டு வைத்தியரும் சேர்ந்து, 1908 முதல் 13 ஆண்டுகள் அக்கிருமியைத் திரும்பத் திரும்ப வளர்த்து அதன் வீரியத்தை அடக்கினார்கள். 1921-இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள்.

மாட்டுக் கிருமி மனிதனை எப்படிக் காக்கும்? இரண்டும் நெருங்கிய சொந்தம். 2003-இல் அதன் மரபணுவை முழுமையாகப் படித்தபோது, மனிதக் கிருமியோடு 99.95 சதவீதம் ஒத்திருந்தது. பத்தாயிரம் எழுத்துக்கு ஐந்தெழுத்துதான் வித்தியாசம்! மாடுதான் மனுசனுக்கு இந்த வியாதியைக் கொடுத்தது என்ற பழைய பேச்சும் 2002 ஆராய்ச்சியில் அடிபட்டுப் போயிற்று. இரண்டும் ஒரே மூதாதையின் வாரிசுகள்.

சொந்தம் என்பதால்தான் ஆபத்தும் இருக்கிறது. காய்ச்சாத பால் வழியாக மாட்டுக் கிருமி நமக்குத் தொற்றும். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த தமிழ்நாட்டில், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 940 மாதிரிகளைச் சோதித்தார்கள். ஏழில் ‘ஒரைகிஸ்’ என்ற இன்னொரு பங்காளிக் கிருமி இருந்ததாக 2020-இல் செய்தி வெளியானது. சென்னையில் மாடுகளிடமும் அது கிடைத்திருக்கிறது.

பாகான் செராய் வட்டாரத் தோட்டங்களில் மாடு வளர்க்கும் குடும்பங்களுக்குச் சொல்கிறோம்: பாலைப் பொங்கக் காய்ச்சாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். “கறந்த சூட்டோட குடிச்சாத்தான் சத்து” என்று பெரியவர்கள் சொன்னாலும் கேட்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் கிளினிக்குக்குப் போங்கள். “வீட்டில மாடு இருக்கு டாக்டர்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏனென்றால் காசநோய் மாத்திரைகளில் ஒன்றான பைராசினமைட் மாட்டுக் கிருமியிடம் பலிக்காது.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. மனிதன் இருமினால் ஓர் இலாகா, மாடு இருமினால் வேறோர் இலாகா என்றிருந்தால் போதாது. நோயாளி வீட்டு மாட்டையும் சோதிக்க வேண்டும். நோய் கண்ட மாட்டை அழித்தால் தக்க நஷ்டஈடு தர வேண்டும். பால் விற்றுப் பிள்ளையின் பள்ளிச் செலவைப் பார்க்கும் தாய், கைக்காசு போய்விடும் என்று பயந்தால் மாட்டை மறைக்கத்தான் செய்வாள். அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

அன்று டாக்டரும் மாட்டு வைத்தியரும் ஒன்றாக உட்கார்ந்ததால்தான் நம் கையில் அந்தத் தழும்பு. இன்றும் அவர்கள் ஒன்றாக உட்காரட்டும்.