தேரோட்டியும் நண்டும்

தேனி மாவட்டத்துக்குக் கடல் இல்லை. மேற்கே மலை, கிழக்கே மதுரைச் சமவெளி, இடையே பெரியாற்று நீரும் வைகையும் வளர்க்கும் நெல்லும் வாழையும் திராட்சையும். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் கடலைக் காண்பது பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான். அமாவாசைக்கு இராமேசுவரம் போவார்கள். பிள்ளைகளின் விடுமுறைக்குத் திருச்செந்தூரோ கன்னியாகுமரியோ போவார்கள். ஆயினும் இங்கே கார் வாங்க நினைக்கும் நடுத்தரக் குடும்பங்களின் பேச்சில் அண்மைக் காலமாகக் கடற்கரை மணல் அடிக்கடி இடம்பெறுகிறது. "என்றைக்காவது மணலில் இறக்க வேண்டி வந்தால் மாட்டிக்கொள்ளக் கூடாது, சார்" என்றார் என்னுடன் பணிபுரியும் இளம் ஆசிரியர் ஒருவர். நான்கு சக்கரங்களிலும் இழுவை உள்ள எஸ்யூவி ஒன்றுக்கு அவர் முன்பணம் கட்டவிருந்தார். அவர் வீட்டில் அவரும் மனைவியும், இரண்டு பிள்ளைகளும், தாய் தந்தையருமாக ஆறு பேர். அவர் விரும்பிய வண்டியில் இருக்கைகள் ஐந்து.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்ப வாகனத்தை நாம் எப்போதோ ஒருமுறை போகும் இடத்தை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கிறோம். அடிக்கடி போகும் இடத்தை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இம்மாவட்டத்தாருக்கு அடிக்கடி வாய்ப்பது மணல் அன்று, மலை வளைவு. அந்த வளைவில் குடும்பத்துக்குத் துணை நிற்பது நான்கு சக்கர இழுவையும் அன்று. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை இருக்கைகள், அத்தனை பெல்ட்டுகள் என்பதே முதல் துணை.

எஸ்யூவி என்ற சொல்லே நம்மை மயக்குகிறது. சரக்கு மற்றும் சேவை வரி 2017இல் நடைமுறைக்கு வந்தபோது இவ்வகை வண்டிக்கு வகுக்கப்பட்ட அளவுகோல்கள் இவை: நான்கு மீட்டருக்கு மேற்பட்ட நீளம், 1500 சிசிக்கு மேற்பட்ட எஞ்சின், 170 மில்லிமீட்டருக்குக் குறையாத தரை இடைவெளி. எந்தச் சக்கரம் வண்டியை இழுக்கிறது என்ற கேள்வி அதில் எழவே இல்லை. நம் சாலைகளில் எஸ்யூவி என்ற பெயரில் ஓடுபவற்றுள் பெரும்பாலானவை முன் சக்கர இழுவை மட்டுமே உள்ளவை. கிரெட்டா, செல்டோஸ், நெக்ஸான் ஆகியவை இந்தியாவில் அப்படித்தான் விற்கப்படுகின்றன. உயரமாக நிற்பதாலேயே இவை உலர்ந்த மணலில் ஓடிவிடா. உண்மையாகவே மணலுக்கு வேண்டியது நான்கு சக்கர இழுவையும், வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் தாழ்நிலைக் கியரும். அந்த இரண்டும் உள்ள வண்டிகள் நம் சந்தையில் சிலவே.

இந்தப் பள்ளத்தாக்கோ அத்தகைய வண்டியை விளம்பரங்கள் வருவதற்கு முன்பே அறிந்தது. மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த வழியில் வந்த ஜீப்புகள்தாம் இன்றும் நம் மலைகளில் ஏறுகின்றன. விடியுமுன் கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஆகிய ஊர்களின் தெருமுனைகளில் தூக்குவாளியுடன் பெண்கள் காத்திருப்பதையும், அவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குப் போவதையும் இங்குள்ள எவரும் அறிவர். அப்பெண்களுக்கு ஜீப் என்பது சாகசம் அன்று, கூலிக்குப் போகும் வழி. அவர்களுக்கு இருக்கையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையில்லை. எத்தனை பேர் ஏறுவது என்பதைத் தீர்மானிப்பவர்கள் வேறு. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது. அதை எதற்குச் செலவிடுகிறோம் என்பதே கேள்வி.

மலைச்சாலையில் நான்கு சக்கர இழுவை என்ன செய்கிறது? போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறுகையில் பதினெட்டு. அவற்றுக்கு மலர்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள் என்பது தமிழ் படித்தவனுக்குக் கூடுதல் மகிழ்ச்சி. இவை எல்லாம் இன்று தார்ச்சாலைகள். வேண்டும்போது மட்டும் முன் சக்கரங்களையும் இணைத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்த ஜீப்புகளிலும் பெரிய வண்டிகளிலும், உலர்ந்த தாரில் அந்த இணைப்பைப் போடக் கூடாது என்று தயாரிப்பாளர்களே கையேட்டில் எழுதுகிறார்கள். வளைவில் முன் சக்கரங்கள் கடக்கும் தூரம் வேறு, பின் சக்கரங்கள் கடக்கும் தூரம் வேறு. இரண்டையும் ஒரே வேகத்தில் பூட்டினால் வண்டி திரும்ப மறுக்கும், பற்சக்கரங்கள் தேயும். ஆகவே இரண்டு லட்சம் ரூபாய் அளவுக்குக் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய வசதி, நாம் அதிகம் பயணிக்கும் சாலையில் உறங்கித்தான் கிடக்கும். இன்னொன்று: நான்கு சக்கர இழுவை வண்டியைக் கிளப்பவும் ஏற்றவும் உதவும், நிறுத்த உதவாது. பிரேக் எல்லா வண்டிகளுக்கும் நான்கு சக்கரங்களிலும் உண்டு. இறக்கத்தில் உயிரைக் காப்பது தாழ்ந்த கியரில் எஞ்சினின் பிடியோடு இறங்கும் ஓட்டுநரின் பொறுமை.

இருக்கைக்கு வருகிறேன். 2022 டிசம்பர் 23 அன்று இரவு, சபரிமலையிலிருந்து திரும்பிய ஆண்டிபட்டிப் பகுதி பக்தர்களின் வண்டி குமுளி மலைச்சாலையில் பள்ளத்தில் விழுந்தது. அதில் இருந்தவர்கள் பத்துப் பேர். இறந்தவர்கள் எட்டுப் பேர். காரணங்களை விசாரிப்பது என் வேலை அன்று. ஆனால் நம் வீடுகளின் வழக்கத்தை அந்த எண்கள் நினைவூட்டுகின்றன. குலதெய்வக் கோயிலுக்கு என்றால் ஏழு பேர் வண்டியில் பத்துப் பேர், ஐந்து பேர் வண்டியில் எட்டுப் பேர். "சின்னப் பிள்ளைதானே, மடியில் இருக்கட்டும்" என்பது நம் எல்லா வீடுகளிலும் கேட்கும் வாக்கியம். பெல்ட் அணியாமல் பயணம் செய்தால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் சொல்கிறது. பின்னிருக்கையில் அதை அணிபவர்களை நம் ஊரில் எண்ணிவிடலாம். உருளும் வண்டிக்குள் பெல்ட் இல்லாதவர் தாமே ஒரு கல்லாகி அருகில் இருப்பவர் மீதும் மோதுகிறார்.

இந்தக் கண்ணோடு சந்தையைப் பார்த்தால் தேர்வு எளிதாகிறது. மணலுக்குப் புகழ்பெற்ற ஜிம்னி 2023இல் இந்தியாவுக்கு வந்தது; இருக்கைகள் நான்கு. மூன்று கதவுத் தாரிலும் நான்குதான். 2024இல் வந்த ஐந்து கதவுத் தார் ராக்ஸில் ஐந்து. ஆறு பேர் உள்ள வீட்டுக்கு இவை எதுவும் குடும்ப வண்டி ஆகா. ஏழு பேர் அமர, நான்கு சக்கர இழுவையும் வேண்டும் என்றால் ஸ்கார்ப்பியோ என் டீசல், ஐந்து கதவு கூர்க்கா என்று ஓரிரண்டு மிஞ்சும். ஃபார்ச்சூனர் சாலைக்கு வரும்போது நாற்பது லட்சத்தைத் தாண்டிவிடும். அதே ஸ்கார்ப்பியோ என் வண்டியைப் பின் சக்கர இழுவையோடு வாங்கலாம், இன்னோவாவும் இருக்கிறது. ஆள் நிறைந்து மேடு ஏறுகையில் பாரம் பின்னால் சாய்வதால், பின் சக்கர இழுவை மலைக்கு ஏற்றதே. மிச்சமாகும் பணத்தை நல்ல டயருக்கும், கூடுதல் காற்றுப்பைகள் உள்ள வகைக்கும் செலவிடுவது அறிவு. மோதல் சோதனையில் பெற்ற நட்சத்திரங்களையும் பார்க்க வேண்டும். பாரத் என்கேப் என்ற நம் நாட்டுச் சோதனை 2023 அக்டோபரில் தொடங்கிவிட்டது.

"அப்படியானால் கடல்?" என்று கேட்பீர்கள். தேனிக்காரர் மணலில் வண்டி ஓட்டக் கனவு காண்பது பெரும்பாலும் தனுஷ்கோடியில்தான். அதில் ஓர் உரிமையும் இருந்தது. கொச்சியில் புறப்பட்டு மூணாறு, போடி, தேனி, மதுரை வழியாகச் சென்ற பழைய தேசிய நெடுஞ்சாலை 49 தனுஷ்கோடியை நோக்கியே போயிற்று. 2010இல் எண்கள் மாறின. நம் சாலை 85 ஆகித் தொண்டிக்குத் திரும்பியது. தனுஷ்கோடிச் சாலை 87 ஆயிற்று. 1964 டிசம்பர்ப் புயல் அழித்த அந்த ஊருக்கு, முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் நெடுங்காலம் சாலை இல்லை. உள்ளூர் ஓட்டுநர்கள் நான்கு சக்கர இழுவை வேன்களில், மணலிலும் தேங்கிய கடல்நீரிலும் நம்மைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. இன்று எந்தச் சிறு காரும் அங்கே போய்த் திரும்பும். மணலுக்கென்று வண்டி வாங்கும் நியாயம், நமக்கு அருகிலுள்ள கடற்கரையிலேயே சில ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோனது.

சாலையை விட்டு இறங்கித்தான் தீருவேன் என்பவருக்கு வண்டியைவிட அறிவு முக்கியம். டயரில் 32 பவுண்டு காற்று இருந்தால் அதை 18 அளவுக்குக் குறைக்க வேண்டும். டயர் தட்டையாகி மணல் மேல் பரந்து நிற்கும். நின்று நின்று போகக் கூடாது, சட்டென்று திருப்பக் கூடாது, சக்கரம் சுழன்று குழி பறிக்கத் தொடங்கினால் முடுக்கக் கூடாது. திரும்பும்போது மீண்டும் காற்றடிக்கப் பம்பு கையில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவாவிட்டால் உப்பு இரும்பைத் தின்னும். இவற்றை அறியாதவர் கையில் நான்கு சக்கர இழுவை செய்வது ஒன்றுதான்: இன்னும் ஆழமான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சிக்கவைக்கும். கேரளத்தில் கண்ணூருக்கும் தலச்சேரிக்கும் இடையே முழப்பிலங்காட்டில் சுமார் நான்கு கிலோமீட்டர் கடற்கரை உண்டு. மணல் இறுகிக் கிடப்பதால் சாதாரணக் காரே அங்கே ஓடுகிறது. வண்டி ஓட்டுவதற்கென்றே மக்கள் அங்கு போகிறார்கள். ஆசை தீர அங்கே போய் வரலாம்.

மற்றக் கடற்கரைகள் அப்படி அல்ல. நம் இலக்கியத்தில் கடற்கரை மணலில் வண்டி ஓட்டியவர்கள் நெய்தல் தலைவர்கள். நற்றிணையின் பதினோராம் பாட்டில் உலோச்சனார் காட்டும் தேரோட்டி, சக்கரத்தில் நண்டு அகப்படாதபடி கடிவாளத்தை ஆய்ந்து பிடித்துச் செலுத்துகிறான். இதை வகுப்பில் நடத்தும்போது தலைவனின் காதலைப் பற்றியே பேசுகிறோம். தேரோட்டியின் கண்ணைப் பற்றி யாரும் தேர்வில் கேட்பதில்லை. நண்டுக்குப் பயந்து ஓட்டிய அந்த மணலில்தான் பங்குனி ஆமைகள் தை தொடங்கிப் பங்குனி வரை முட்டையிடுகின்றன. சக்கரத்தின் பாரம் முட்டைக்குழியை இறுக்கும். டயர் பதித்த பள்ளத்தில் விழுந்த குஞ்சு கடலைச் சேராது. வலையும் படகும் கிடக்கும் இடம் மீனவரின் பணிக்கூடமும்கூட. தனுஷ்கோடியில் 2025 ஜூன் மாதம் தமிழக அரசு பூநாரைகளுக்கென்று சரணாலயம் அறிவித்தது. அங்கே டயர் தடம் பதிப்பதில் பெருமை ஏதும் எனக்குத் தெரியவில்லை.

ஆண்டுக்கொரு முறை கரடுமுரடான பாதை வேண்டுமென்றால் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் கிடைக்கிறது. அதை ஓட்டுபவர் அந்தக் கற்களை அறிந்தவர். நாம் கொடுக்கும் வாடகை அவருடைய வீட்டுக்குப் போகும். கடற்கரையில் சாலை முடியும் இடத்தில் இறங்கி நடக்கலாம். பிள்ளைகள் நண்டைப் பார்ப்பது நடக்கும்போதுதான்.

வண்டி பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. சோதனை ஓட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். விற்பனையாளர் தேசிய நெடுஞ்சாலையில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிக் காட்டித் திருப்பிவிடப் பார்ப்பார், இசையாதீர்கள். வீட்டில் உள்ள எல்லாரையும் அழைத்துச் செல்லுங்கள். மூன்றாம் வரிசையில் அப்பாவால் ஏறி இறங்க முடிகிறதா, அம்மாவின் முழங்காலுக்கு இடம் இருக்கிறதா, நடு இருக்கைக்கு முழு பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாரும் பெல்ட் மாட்டிய பின் போடிமெட்டின் முதல் நான்கு வளைவுகளாவது ஏறி இறங்குங்கள். அந்த வளைவுகளில் பின்னால் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பிறகு முன்பணம் கட்டுங்கள்.